மூன்றாவது மாடி, வெள்ளிக்கிழமை ஆறு மணி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். உன் மனைவியும் மகளும் இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது, அவர்களுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வர மாட்டேன் என்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

இனிமேல் போன் செய்யாதே. போனில் நீ சொல்வது எதுவும் எனக்கு ஏறுவதில்லை. குடித்திருக்கிறாயா இல்லையா என்று மட்டும்தான் காது தேடுகிறது. பேனாவை எடுத்து எழுது. கை நடுங்கினால் எழுத்தில் தெரிந்துவிடும். பொய் சொன்னால் நான் நாலு தடவை திரும்பப் படிப்பேன்.

சிட்டு எங்கள் வீட்டுக்கு நாலு மாடியும் படியேறித்தான் வருகிறாள். லிஃப்ட் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்கிறாள். ஒன்பது வயதுப் பெண்ணை விடுமுறை என்று வேலை இடத்துக்கு அழைத்துப் போய், பழுதான லிஃப்டுக்குள் நிற்க வைத்து, "சாமான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போனவன் நீ. கதவு மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் உள்ளே கத்தியிருக்கிறாள். அதுவும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்!

உன் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஜூனில் புது வகுப்பு. மே முடிவதற்குள் நீ குடியை விட்டிருந்தால் சிட்டுவுக்குப் பழைய பள்ளி, பழைய வீடு. இல்லாவிட்டால் அவளை இங்கேயே சேர்த்துவிடுவாள், நீ தனி, அவர்கள் தனி. "சத்தியம் பண்றேன்னு வந்து நின்னா கதவைத் திறக்காதீங்க அண்ணி. எங்கேயாவது போய் உதவி கேட்டாருன்னா மட்டும் எங்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

எங்கள் கோர்ட் அறிவிப்புப் பலகையில், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றின் எண் ஒட்டியிருக்கிறது. அங்கே நின்றுதான் நான் தினமும் டீ குடிக்கிறேன், நேற்றுதான் கண்ணில் பட்டது. கூப்பிட்டு விசாரித்தேன். உன் ஊரிலும் கூடுகிறார்களாம். பஸ் நிலையத்துக்குப் பின் தெரு, பழைய ஆபீஸ் கட்டிடம், மூன்றாவது மாடி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. பெயர் கேட்க மாட்டார்கள். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும், பல்லக்கா?

வேளைக்குச் சாப்பிடு. போனேன் என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

உடம்பு சுகம்தானே? ஒரு வெள்ளி போய் இரண்டாவது வெள்ளியும் போய்விட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே "ஒண்ணும் இல்லம்மா" என்று தலையாட்டுகிறார். எழுத வராவிட்டால் கட்டை விரலையாவது உருட்டி அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன். சளி கொஞ்சம், மற்றபடி குறை இல்லை. என் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காதே, இது மட்டமான பேனா.

முதல் வெள்ளி போனேன், இடம் தெரியவில்லை. பலகையே வைக்கவில்லை அக்கா. யாரிடம் கேட்பது? "குடிகாரங்க எங்க கூடுவாங்க?" என்று கேட்டால் பக்கத்துச் சாராயக் கடையைத்தானே காட்டுவார்கள். திரும்பி வந்துவிட்டேன். அதற்கடுத்த வெள்ளி, கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் படிக்கட்டுச் சுவரில் ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். போனேன். இந்த வெள்ளியும் போனேன். போதுமா?

அங்கே ஒருவர் பஸ் கண்டக்டராம். குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க டிக்கெட் கிழிக்காமல் எல்லோரையும் ஏற்றிப் போயிருக்கிறார். "அன்னிக்கு மட்டும்தான் சார் பயணிங்க என்னைத் தெய்வமா பார்த்தாங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் கணக்கு வாத்தியார். குரல் கட்டையாக, வார்த்தை வார்த்தையாக நிறுத்திப் பேசுகிறார். ஒரு பெண்ணும் பேசினாள், சின்ன வயதுதான் இருக்கும், பேச்சுக்குப் பேச்சு மூக்கை உறிஞ்சினாள். நடத்துவது வயதில் மூத்த ஒரு அம்மா. ஓய்வுபெற்ற நர்ஸாம், குரலில் அதட்டல் இருக்கிறது, உன்னைப் போல.

இதையெல்லாம் சிட்டுவின் அம்மாவிடம் சொல். சிட்டுவுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் சளிக்கு வெந்நீர் குடி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக சாட்சி சொல்பவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு தட்டச்சு செய்கிறவள் நான். நேரில் பார்த்தவன் முகத்தைச் சொல்வான், சட்டையைச் சொல்வான், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வான். காதால் மட்டும் கேட்டவன் குரலைத்தான் சொல்வான். நீ எழுதியது முழுக்கக் கட்டைக் குரலும் மூக்கு உறிஞ்சலும் அதட்டலும். ஒரு முகம் கிடையாது, ஒரு நாற்காலி கிடையாது. அந்தப் பெண்ணுக்குச் "சின்ன வயதுதான் இருக்கும்" என்று யூகம் வேறு.

எங்கே நின்று கேட்டாய்?

இதை உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மறைக்காமல் எழுது.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோர்ட்டில் இருக்க வேண்டியவள் இல்லை, போலீஸில் இருக்க வேண்டியவள். சளி விட்டுவிட்டது. உனக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

லிஃப்ட் மேலே நின்று கேட்டேன்.

சிரிக்காதே, முழுக்கச் சொல்கிறேன். வேலை முடிந்து அப்படியே போனேன், நீலச் சட்டை, தோளில் கருவிப் பை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிறேன், அந்த நர்ஸ் அம்மா கதவருகே வந்து, "லிஃப்ட் பார்க்கவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார். அப்புறம் என்ன செய்ய? லிஃப்டைத் திறந்தேன். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு ஸ்விட்சில் தூசி, அதனால் ஓடவில்லை. பத்து நிமிட வேலை. அதை முடித்தால் கிளம்ப வேண்டும். அதனால் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டேன். கதவு இடுக்கு வழியாகப் பேச்சு அப்படியே கேட்கும். அப்படி நின்ற முதல் வெள்ளி நான் குடித்திருந்தேன். குடித்துவிட்டு லிஃப்ட் கூரையில் நிற்பவனுக்கு மூளை இல்லை என்று நானே புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இரண்டாவது வெள்ளியும் அதே ஸ்விட்சைத் துடைத்தேன். பத்து நிமிட வேலையை மூன்று வாரம் பார்த்தவன் இந்தத் தொழிலிலேயே நான் ஒருவன்தான்.

மூன்றாவது வெள்ளி, உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, அந்த அம்மா லிஃப்ட் கதவைத் தட்டினார். "வேலை முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

"இந்தக் கட்டிடத்துல லிஃப்டை ரிப்பேர் பண்ணச் சொல்லி யாருமே கம்பெனிக்குச் சொல்லலைங்க. நான் போன வாரமே விசாரிச்சேன். டீ ஆறுது, இறங்கி வாங்க" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இறங்கினேன். கையில் எல்லாம் கிரீஸ். கண்டக்டர் ஒரு பழைய துணியை நீட்டினார். அவருக்கு முன் பல் இரண்டு இல்லை. வாத்தியார் குரல்தான் பெரிசு, ஆள் ஒல்லி. அந்தப் பெண் நான் யூகித்ததைவிடச் சின்னவள், மஞ்சள் பை வைத்திருந்தாள். நாற்காலி பதினொன்று, ஒன்றுக்குக் கால் ஆடுகிறது. போதுமா முகமும் நாற்காலியும்?

பேச முடியவில்லை. "நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றேன், அதற்கு மேல் வரவில்லை. "இன்னிக்கு அது போதும்" என்றார் அந்த அம்மா. இந்த வெள்ளியும் போனேன். லிஃப்டில் போகவில்லை, படியேறி நேராக அறைக்குள் போனேன். சிட்டுவை அடைத்துவிட்டுப் போனதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் "அட பாவி" என்று சொல்லவில்லை. வாத்தியார் மட்டும் தன் நாற்காலியை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கடைசியாகக் குடித்தது பிப்ரவரி 27. இன்று பத்து நாள். கை நடுங்குகிறது, அதுவும் பேனாதான் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டு. இனி எழுதுவதையும் காட்டு.

உன் தம்பி

*

மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை பயப்படாமல் கேட்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். உன் மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. உன் மனைவி சிரிக்கவில்லை. சிட்டுவைத் தூங்க அனுப்பிவிட்டு, "அந்த வாத்தியார் நாற்காலியை நகர்த்தினாருன்னு வருதே, அதை இன்னொரு தடவை படிங்க அண்ணி" என்றாள். படித்தேன். எழுந்து போய் வெறும் பாத்திரத்தைக் கழுவினாள்.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று என்னைக் கேட்காதே. நீ போய்க்கொண்டே இரு. காய்ச்சல் வந்தாலும் வெள்ளிக்கிழமை போ. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அதட்டல் குரல்காரி எழுதுகிறாள் என்று சொல்.

உன் அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் வணக்கம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

நல்ல செய்தி முதலில். ஒரு வெள்ளியும் விடவில்லை. இப்போது நான்தான் அரை மணி முன்னால் போய் நாற்காலி போடுகிறேன். ஆடுகிற நாற்காலிக்கு ஒரு ஆணி அடித்தேன், எல்லோரும் அதில் உட்காரப் போட்டி போடுகிறார்கள். கண்டக்டர் எனக்குத் தினமும் காலையில் போன் செய்கிறார். "எழுந்தாச்சா? குடிக்கலையே? சரி வை." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இந்த ஒரு வருஷத்தில் கிடைத்த பெரிய சிநேகிதம் அதுதான். சாப்பாடு ருசிக்கிறது. சூபர்வைசர் என்னைத் திரும்பத் தனியாக வேலைக்கு அனுப்புகிறார்.

இனி இரண்டாவது பக்கம்.

புதன்கிழமை, ஏப்ரல் 16, குடித்தேன். நாற்பத்தெட்டாவது நாள். புது லிஃப்ட் ஒன்றை ஓட்டிக் காட்டி ஒப்படைத்தோம். கட்டிட முதலாளி சந்தோஷத்தில் மேஜை போட்டு எல்லோருக்கும் ஊற்றினார். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கண்ணாடித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் திரும்பிவிட்டார், அவ்வளவுதான். கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒன்றோடும் நிற்கவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று சரியாக ஞாபகம் இல்லை.

யாருக்கும் தெரியாது அக்கா. சூபர்வைசர் அன்று இல்லை. கை இப்போது நடுங்குவதில்லை, எழுத்தை வைத்து நீயும் கண்டுபிடித்திருக்க மாட்டாய். வியாழக்கிழமை காலையில் கண்டக்டர் போன் செய்து "குடிக்கலையே?" என்றபோது, இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. குடித்தேன் என்றேன். அவர் லீவு போட்டுவிட்டு வந்து சாயங்காலம் வரை என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் சொன்னேன். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றார் அந்த அம்மா. எண்ணுகிறேன். இன்று நான்காவது நாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டால் மே முடிவுக்குக் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தையும் படித்துக் காட்டு. உன் கையில்தான் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி

*

மே 4

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமாவுக்கு முழங்காலுக்குப் புது மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வாடைதான் வீடு முழுக்க. கோர்ட்டுக்கு விடுமுறை வரப் போகிறது, அதற்குள் முடிக்க வேண்டிய தாள்கள் மேஜை உயரத்துக்கு இருக்கின்றன. சிட்டு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முட்டியில் காயம், பெரிதாக இல்லை. நாற்காலிக்கு ஆணி அடித்ததைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டுவின் முட்டிக் காயம் ஆறிவிட்டதா? கேட்டதாகச் சொல்.

நான் எழுதியது இரண்டு பக்கம். நீ பதில் எழுதியது ஒரு பக்கத்துக்குத்தான். வெயில் வந்திருக்கிறது, முழங்கால் வந்திருக்கிறது, ஆணி வந்திருக்கிறது. ஏப்ரல் 16 வரவில்லை. எனக்குத் தட்டச்சு தெரியாது அக்கா, ஆனால் இவ்வளவு தெரிகிறது.

நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். வேண்டாம். நான் அந்த அறையில் பதினொரு பேர் முன்னால் சொன்னதை அவளுக்கு மட்டும் மறைத்தால், நான் இன்னும் லிஃப்ட் கூரை மேல்தான் நிற்கிறேன் என்று அர்த்தம். படித்துக் காட்டு. வருவது வரட்டும். இன்று இருபத்திரண்டாவது நாள்.

உன் தம்பி

*

மே 17

அன்புத் தம்பிக்கு,

நலமாக இரு. இந்தக் கடிதம் முடியும் வரைக்கும் நலமாக இரு.

முதல் பக்கத்தை மட்டும்தான் படித்தேன். இரண்டாவது பக்கத்தை ஆபீஸ் மேஜை டிராயரில், தட்டச்சுத் தாளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு சாட்சி சொன்னதில் பாதியை விட்டுத் தட்டச்சு செய்தால் என் வேலை அன்றே போய்விடும். வீட்டில் அதைக் கூசாமல் செய்தேன். உனக்காக நான் பொய் சொல்வது இன்று நேற்றா நடக்கிறது? இருபது வயதில் முதல் தடவை நீ குடித்துவிட்டு வந்தபோது அப்பாவிடம், "அவனுக்கு வயித்து வலி அப்பா, படுத்திருக்கான்" என்று சொன்னது நான்தானே. அன்றைக்கே உன்னை மாட்டிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். உன்னை அதட்டுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷமும் உனக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த மறுநாள், இரண்டாவது பக்கத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். நான் மறைத்ததையும் சொன்னேன். நின்றுகொண்டே படித்தாள். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இங்கே உள்ள பள்ளிக்குப் போய், சிட்டுவின் பெயரைச் சேர்த்துவிட்டு வந்துவிட்டாள்.

இதையும் மறைக்கத்தான் கை போயிற்று. மறைக்கவில்லை, எழுதிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். இது கையில் கிடைக்கிற நாள் வெள்ளிக்கிழமையானால் நேராகக் கூட்டத்துக்குப் போ. வேறு நாளானால் கண்டக்டரை வரச் சொல். தனியாக இருக்காதே. அழுகை வந்தால் யார் முன்னாலாவது அழு.

உன் அக்கா

*

மே 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்டக்டர் வந்தார். குடிக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள்மேலும் இல்லை. முப்பத்தைந்தாவது நாள். வெள்ளிக்கிழமை நாற்காலி போடப் போவேன். மாமாவுக்கு வணக்கம்.

தம்பி

*

மே 25

சிட்டுவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஐந்து மாதத்தில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

சிட்டு இந்த வருஷம் இங்கேதான் படிப்பாள். நான் சொன்ன சொல் அது, மாற்ற மாட்டேன். அவளுக்கு இன்னும் ராத்திரியில் தூக்கிப்போடுகிறது. எனக்குக் கோபமும் போகவில்லை. போய்விட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த இரண்டாவது பக்கத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நீங்கள் குடித்ததை நான் அலமாரிக்குப் பின்னால் பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். வாடையை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு காவலாளி சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது தெரிந்துகொண்டேன். நீங்களே சொல்லி நான் தெரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை. அதுவும் யாருக்குமே தெரியாத ஒன்றை. அண்ணி அதை மறைத்ததற்கு எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது, உங்கள்மேல் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை காலை ரயிலில் நானும் சிட்டுவும் வருகிறோம். தங்க மாட்டோம், சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவோம். பத்து மணிக்கு வண்டி வரும். குடித்திருந்தால் ஸ்டேஷனுக்கு வராதீர்கள். நீங்கள் இல்லை என்றால் நான் எதுவும் கேட்காமல் அடுத்த வண்டி ஏறிவிடுவேன், சிட்டுவுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தப் பொய் வேண்டாம் என்று விட்டேன்.

அப்பா ஸ்டேஷனில் நிற்பார் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.